கதைக்கத் தெரிந்தவர் மேடையிலும் பேசலாம்: முதன்முதல் ஒலிவாங்கி பிடிப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை, கதைக்கிறோம். "அம்மா பேசினவா" என்று ஒரு பிள்ளை சொன்னால், அம்மா ஏசினா என்றுதான் பொருள். ஆனால் மேடை என்று வந்தவுடன் சொல் மாறிவிடுகிறது. அங்கே எவரும் கதைப்பதில்லை, எல்லாரும் "பேசுகிறார்கள்". சொல்லோடு சேர்ந்து குரலும் மாறுகிறது. முகம் இறுகுகிறது. கிணற்றடியில் அரைமணி நேரம் தடங்கலில்லாமல் கதைக்கிற அதே ஆள், ஒலிவாங்கிக்கு முன்னால் வேறொருவராகிவிடுகிறார்.

எனக்கும் அதுதான் நடந்தது. 12 வயதில் பாடசாலைப் பேச்சுப் போட்டியில் என்னை நிறுத்தினார்கள். கல்வியின் சிறப்பு என்ற தலைப்பில் எழுதித் தரப்பட்ட மூன்று பக்கங்களையும் இரண்டு கிழமையாகப் பாடமாக்கினேன். மேடையில் இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு சொல் வரவில்லை. அந்த ஒரு சொல்லோடு அதற்குப் பின்னால் இருந்த ஒன்றரைப் பக்கமும் போய்விட்டது. மணி அடிக்கும் வரை நின்றேன். அதன் பிறகு 15 வருடம் எந்த மேடைக்கும் போகவில்லை.

திரும்பவும் வாய் திறந்தது எங்கள் ஊர் வாசிகசாலைக் கூட்டத்தில். ஒழுங்கை முகப்பில் மின்விளக்கு எரியாமல் இரண்டு மாதம். ரியூசன் முடிந்து வரும் பெண்பிள்ளைகள் அந்த இருட்டுக்குள்ளால்தான் சைக்கிள் மிதிக்கிறார்கள். கதிரையிலிருந்து எழும்பி அதைச் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீர் இப்ப நாலு நிமிசம் கதைச்சனீர். ஒருத்தரும் அசையேல்லை. மேடையிலையும் இதைத்தான் செய்யிறது. வேற ஒண்டும் இல்லை."

அன்றிலிருந்து நான் பேசியும், பேச வருகிற இளையவர்களுக்குக் கூட நின்றும் அறிந்தவற்றை இங்கே ஒழுங்காகச் சொல்கிறேன். இதன் நோக்கம் ஒன்றே: உங்களுடைய கதைக்கிற குரலைக் குலையாமல் மேடைக்குக் கொண்டுபோவது.

"ஓம்" சொல்லுமுன் கேட்க வேண்டியவை

விழா ஒழுங்கு செய்பவர் தொலைபேசியில் "நீங்கள் ஒரு சின்னப் பேச்சு..." என்று இழுப்பார். அந்த அழைப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த உரை, எத்தனை நிமிடம், எனக்கு முன்னும் பின்னும் யார், வருகிறவர்கள் யார், இடம் எது.

எந்த உரை என்பது சின்ன விடயமல்ல. எங்கள் ஊர் நூல் வெளியீடு ஒன்றின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வெளியீட்டுரை, ஆய்வுரை, நயப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்று வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை. வரவேற்புரை சொல்ல வந்தவர் நூலை ஆய்வு செய்யத் தொடங்கினால், ஆய்வுரைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு இருக்க வேண்டிவரும். உங்களுக்குத் தந்த வேலை எதுவோ அதை மட்டும் செய்யுங்கள். முதல் மேடைக்கு வரவேற்புரை நல்லது. மூன்று நிமிடம் போதும், பொருளும் கையிலேயே இருக்கும்.

வருகிறவர்கள் யார் என்பதை இன்னும் கூர்மையாகக் கேளுங்கள். திருக்குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். அவையை அறிவது முன்னுக்கு, அஞ்சாமை பின்னுக்கு. இந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன். முன்னால் இருக்கப் போகிறவர்கள் வெங்காயம் நடுகிற கமக்காரரா, உயர்தர மாணவரா, கோயில் திருவிழாவுக்கு வந்த ஊரவரா என்று தெரிந்துவிட்டால் பயத்தில் பாதி அங்கேயே கழன்றுவிடும். தெரியாத கூட்டத்துக்குத்தான் நெஞ்சு இடிக்கும். ஆடி, ஆவணி மாதங்களில் என்றால் கனடா, லண்டன், பிரான்ஸ் என்று வெளிநாடுகளிலிருந்து லீவில் வந்த குடும்பங்களும் இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும், அடுக்குமொழி விளங்காது. அவர்களுக்காக இரண்டு வாக்கியத்தை இலகுவாக்கினால், கிழவரும் சேர்ந்து நிம்மதியாகக் கேட்பார்.

ஒரே ஒரு வாக்கியம்

"நீர்வளம் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கோ" என்று கேட்டால், புதியவர் உடனே நீர்வளம் பற்றிய எல்லாவற்றையும் தேடத் தொடங்குவார். அப்படித் தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் நாற்பது விடயம் சொல்லி, கேட்டவர் ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்.

இப்படிச் செய்யுங்கள். கூட்டம் முடிந்து கேற்றடியில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறவரிடம் ஒருவர், "என்னவாம் அந்தப் பிள்ளை சொன்னது?" என்று கேட்கிறார். அவர் என்ன பதில் சொல்ல வேண்டும்? அந்தப் பதில்தான் உங்கள் பேச்சு. அதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்.

எங்கள் வாசிகசாலையில் ஒரு மாணவிக்கு இந்தத் தலைப்புத்தான் கிடைத்தது. ஒரு கிழமை யோசித்து அவள் எழுதிய வாக்கியம்: "இந்த மாரிக்கு உங்கள் வளவில் விழுகிற மழையை ஒழுங்கைக்கு ஓட விடாதீர்கள்." பிறகு எல்லாம் தானாக வந்தது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுமில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் எல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிற மழைதான். அந்த மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரையான சில மாதங்களுக்குள் பெய்து முடிகிறது. அதைத்தான் நாங்கள் சீமெந்து முற்றத்தாலும் ஒழுங்கையாலும் கடலுக்கு அனுப்புகிறோம். இது காரணம். வீட்டுக் கூரைப் பீலியிலிருந்து விழுகிற தண்ணீரை வளவுக்குள் ஒரு குழிக்குத் திருப்பிய மாமா ஒருவரின் கதை உதாரணம். கடைசியில் அதே வாக்கியம். ஐந்து நிமிடத்துக்கு இது தாராளம்.

அந்த வாக்கியத்துக்கு உதவாத தகவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை அவள் சேர்க்க விரும்பினாள். சுவையான செய்திதான். ஆனால் சனம் கிணற்றின் ஆழத்தை யோசிக்கத் தொடங்கும், பீலியை மறந்துவிடும். வெட்டினோம்.

எழுதுவதற்கு முன் வாயால் சொல்லுங்கள்

பலரும் கொப்பியும் பேனையுமாக இருந்து முதலில் எழுதுகிறார்கள். எழுதினால் கை கட்டுரைத் தமிழுக்குப் போய்விடும். "இன்றைய நவீன உலகிலே மனிதனானவன்..." என்று தொடங்கும். அப்படி ஒருவரும் கதைப்பதில்லை.

அதற்குப் பதிலாக வாட்ஸ்அப்பைத் திறந்து, உங்களோடு நன்றாகப் பழகும் ஒருவருக்குக் குரற்செய்தியாக அந்த விடயத்தைச் சொல்லுங்கள். "டேய், நான் இப்பிடி ஒண்டு பேசப் போறன், கேளன்" என்று தொடங்கி இரண்டு மூன்று நிமிடம். அனுப்ப வேண்டும் என்றுமில்லை. அதைத் திரும்பக் கேட்டு, எந்த இடத்தில் உங்கள் குரல் உயர்ந்தது, எந்த வாக்கியம் தானாக விழுந்தது என்று பாருங்கள். அந்த வாக்கியங்களை மட்டும் எழுதுங்கள். நாளைக்கு இன்னொரு முறை சொல்லுங்கள். மூன்றாம் நாள் உங்களிடம் ஒரு பேச்சு இருக்கும், அது முழுக்க உங்கள் வாயில் பிறந்ததாக இருக்கும். இந்த வழியில் வந்தவர்களில் இதுவரை ஒருவரும் மேடையில் சொல் மறந்து நிற்கவில்லை. சொல் மறந்தாலும் விடயம் மறக்காது. விடயம் இருந்தால் வேறு சொல் வரும்.

நேரத்தையும் அப்போதே அளந்துவிடுங்கள். நான் மேடையில் நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொல் போகிறது. உங்கள் அளவு வேறாக இருக்கும். ஒரு பக்கத்தை உரத்து வாசித்துத் தொலைபேசி மணிக்கூட்டில் பாருங்கள். ஐந்து நிமிடம் தந்தால் நாலு நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள், மேடையில் எப்படியும் கொஞ்சம் நீளும். அதோடு இரண்டு நிமிட வடிவம் ஒன்றும் கையில் வேண்டும். எங்கள் கூட்டங்கள் பிந்தித் தொடங்கும். ஏழாவதாகப் பேச இருப்பவருக்குத் தலைவர் துண்டு அனுப்புவார்: "சுருக்கவும்." அப்போது எதை விடுவது என்று மேடையில் யோசிக்கக் கூடாது. வீட்டிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். கதையையும் கடைசி வாக்கியத்தையும் வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள்.

பாடமாக்க வேண்டியது நாலு வாக்கியம்

முதல் இரண்டு வாக்கியம், கடைசி இரண்டு வாக்கியம். அவ்வளவுதான். முதல் இரண்டும் நெஞ்சு அதிகம் இடிக்கிற நேரத்தில் உங்களைத் தாங்கும். கடைசி இரண்டும் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வருவதைத் தடுக்கும்.

நடுவுக்கு உள்ளங்கை அளவான ஒரு மட்டைத் துண்டு. அந்த மாணவியின் துண்டில் இருந்தது ஐந்து சொல்: மாரி, சுண்ணாம்புக்கல், சீமெந்து முற்றம், மாமாவின் பீலி, ஒழுங்கை. பெரிய எழுத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக. முழு வாக்கியம் எழுதினால் கண் வாசிக்கப் போய்விடும், சனத்தைப் பார்க்காது. தொலைபேசியைப் பார்த்துப் பேசுவதை நான் விரும்புவதில்லை. திரை அணையும், அழைப்பு வரும், விரல் நடுங்கினால் பக்கம் எங்கேயோ ஓடும். மட்டைக்கு இந்தத் தொல்லை ஒன்றுமில்லை.

விளிப்பு

மேடையிலும் முன்வரிசையிலும் இருப்பவர்களை விளிப்பது எங்கள் மரியாதை. அதை விடச் சொல்ல மாட்டேன், அளவாகச் செய்யச் சொல்வேன். மதகுருமார் முதலில், பிறகு தலைவர், பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், பின்னர் "சபையோரே" அல்லது "பெரியோர்களே, பிள்ளைகளே." வரவேற்புரை உங்களுடையது என்றால் பெயர்களை ஒழுங்கு செய்பவரிடம் வாங்கி, பதவியும் பட்டமும் சரியா என்று ஒன்றுக்கு இரண்டு தரம் கேளுங்கள். பேராசிரியரைக் கலாநிதி என்பதும், மாறிப்போன கிராம அலுவலரின் பெயரைச் சொல்வதும் மனத்தை நோகச் செய்யும். நீங்கள் நாலாவது ஐந்தாவது பேச்சாளர் என்றால் எல்லாப் பெயரையும் திரும்ப அடுக்க வேண்டியதில்லை. "தலைவர் அவர்களே, அவையோரே, எல்லாருக்கும் வணக்கம்." போதும்.

அதற்கடுத்த வாக்கியம்தான் உண்மையான தொடக்கம். "எனக்குப் பேசத் தெரியாது, பிழை இருந்தால் மன்னியுங்கள்" என்று தொடங்காதீர்கள். பணிவு என்று நினைத்துச் சொல்கிறோம். ஆனால் கேட்பவர் அந்த நிமிடத்திலிருந்து பிழையைத்தான் தேடுவார். நேரே விடயத்துக்குப் போங்கள். "போன மாரியில் எங்கள் ஒழுங்கையால் முழங்கால் அளவு தண்ணீர் ஓடினது. அது முழுக்கக் கிணற்றுக்குள் போயிருக்க வேண்டிய தண்ணீர்." இப்படித் தொடங்கினால் கடைசி வரிசையில் தொலைபேசி பார்க்கிற பெடியனும் தலையை நிமிர்த்துவான்.

தமிழில் வினை கடைசியில் வரும்

குரல் பயிற்சி பற்றி எவ்வளவோ சொல்வார்கள். எங்கள் மொழிக்கு மிக முக்கியமான ஒன்றைச் சொல்பவர் குறைவு. தமிழ் வாக்கியத்தில் பொருளை முடிவு செய்கிற சொல் கடைசியில்தான் நிற்கும். செய்தாரா செய்யவில்லையா, வேண்டுமா வேண்டாமா, எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில். மூச்சு முடிகிற இடமும் அதுதான். பயந்தவரின் குரல் விழுகிற இடமும் அதுதான். "மழைத் தண்ணீரை ஒழுங்கைக்கு விட..." என்பது வரை கேட்கும், "...க் கூடாது" என்பது தொண்டைக்குள் போய்விடும். பின்வரிசைக்கு நீங்கள் விடச் சொன்னீர்களா, விடாதே என்றீர்களா என்று தெரியாது.

ஆகவே பயிற்சி இதுதான்: ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசிச் சொல்லைத் தொடக்கச் சொல் அளவுக்கே உரத்துச் சொல்லுங்கள். அதற்கு மூச்சு மிஞ்ச வேண்டும். மூச்சு மிஞ்ச வேண்டுமென்றால் வாக்கியம் குறுக வேண்டும். "போய், வந்து, பார்த்து, கேட்டு, அதனால்" என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டு போனால், வினை வரும்போது கேட்பவருக்கு எழுவாய் மறந்திருக்கும். வெட்டுங்கள். முற்றுப்புள்ளியில் வாயை மூடி மூக்கால் ஒரு மூச்சு. அந்த இடைவெளி உங்களுக்கு நீளமாகத் தெரியும். கேட்பவருக்கு அது நினைக்கிற நேரம்.

உச்சரிப்புக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டில் கதைக்கும்போது எங்களில் பலருக்கு ழகரம் ளகரமாகிவிடும். மேடையில் அது கவனத்தைச் சிதறடிக்கும். "தாழ்ந்த வளவில் மழை வெள்ளம் விழுந்து வழிகிறது" என்று நாளுக்குப் பத்துத் தரம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நான் கிணற்றடியில்தான் பழகினேன். உட்சுவர் குரலைத் திருப்பித் தரும், உங்கள் பிழை உங்கள் காதில் விழும்.

எந்தத் தமிழில் பேசுவது என்றும் கேட்பார்கள். வினைமுற்றுகளைப் பொதுத் தமிழில் முடியுங்கள், ஆட்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே சொல்லுங்கள். "மாமா சொன்னார்: 'பிள்ளை, பீலியைத் திருப்பினாப் பிறகு கிணறு பங்குனியிலும் வத்தேல்லை.'" இதைச் செந்தமிழாக்கினால் மாமா காணாமற் போவார். தொலைக்காட்சிப் பட்டிமன்றக் குரலை ஏற்றிக்கொள்ள வேண்டாம். எங்கள் மண்ணின் ஓசைக்கு மேடையில் முழு உரிமை இருக்கிறது.

உடல் நடுங்கும்போது

பயப்படாமல் இருக்க முயல வேண்டாம். அது முடியாது, தேவையும் இல்லை. பலர் தன்னைப் பார்க்கிறார்கள் என்றவுடன் உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் அடிக்கிறது, உமிழ்நீர் வற்றுகிறது, கை உதறுகிறது. பெரும்பாலானவர்களுக்கு இது பேசத் தொடங்கும் வேளையில் உச்சத்துக்குப் போய், இரண்டொரு நிமிடத்தில் இறங்கத் தொடங்கிவிடும். அதற்காகத்தான் முதல் இரண்டு வாக்கியத்தைப் பாடமாக்கச் சொன்னேன்.

உங்கள் பெயரைக் கூப்பிடுமுன் கதிரையில் இருந்தபடியே மூச்சை இழுக்கும் நேரத்தைவிட இரண்டு மடங்கு நேரம் வெளியே விடுங்கள். ஐந்தாறு தரம். இளஞ்சூட்டுத் தண்ணீர் இரண்டு மிடறு. அவசரத்தில் குடிக்கிற கடும் சாயத் தேத்தண்ணி நெஞ்சடிப்பைக் கூட்டும், அதைப் பேச்சுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் கை நடுங்கினால் மட்டைத் துண்டை மேசையில் வைத்து, விரல்களை மேசை விளிம்பில் மெதுவாக ஊன்றுங்கள். கண்ணுக்கு மூன்று முகம் தெரிந்தெடுங்கள்: இடப்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, வலப்பக்கம் பின்னுக்கு ஒன்று. தலையாட்டிக் கேட்கிற முகங்களாகப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர்களில் ஒருவருக்குச் சொல்லி முடியுங்கள். நூறு பேருக்குப் பேச எவராலும் முடியாது. ஒருவருக்குக் கதைக்கலாம்.

குரல் சின்னதாக இருக்கிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: ஈழத் தமிழரின் அரசியல் தலைவராக இருந்த தந்தை செல்வா மெல்லிய குரலுக்கு உரியவர். அந்த மெல்லிய குரலைக் கேட்கச் சனம் அமைதியானது.

ஒலிவாங்கி

விழாவுக்கு அரைமணி நேரம் முந்திப் போங்கள். வீரசிங்கம் மண்டபமாக இருந்தாலும் ஊர்க் கோயில் மடமாக இருந்தாலும், நீங்கள் நிற்கப் போகிற இடத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். ஒலிபெருக்கிக்காரத் தம்பியோடு இரண்டு வார்த்தை கதையுங்கள், அன்றைக்கு உங்களுக்கு மிக வேண்டியவர் அவர்தான்.

வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையில் நாலு விரலிலிருந்து அரைச் சாண் வரை இருக்கட்டும். வாய்க்கு நேரே பிடிக்காமல் சற்றுக் கீழே, நாடிப் பக்கமாகச் சரித்தால் பகர ஓசை "பொப்" என்று வெடிக்காது. முகத்தை ஒரு பக்கம் திருப்பினால் ஒலிவாங்கியும் கூடவே திரும்ப வேண்டும். ஒலிவாங்கியின் தலையைப் பொத்திப் பிடித்தாலோ, ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் கொண்டுபோனாலோ கூவும். கூவினால் பெட்டிக்குப் பின்பக்கமாக இரண்டு அடி நகருங்கள். விரலால் தட்டிப் பார்க்கவோ ஊதவோ வேண்டாம், "வணக்கம்" என்று சொன்னாலே வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

பெண்களுக்கு ஒன்று. தாங்கி உங்களுக்கு முன் பேசிய உயரமான ஆளுக்கு அளவாக நிற்கும். அண்ணாந்துகொண்டு பேசாதீர்கள். நின்று, தாங்கியை உங்கள் உயரத்துக்கு இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். சபை காத்திருக்கும்.

நடுவில் தடங்கல் வந்தால்

கரண்ட் போனால் ஜெனரேற்றர் எடுக்கும் வரை பேசாமல் நில்லுங்கள். சின்னச் சபை என்றால் இரண்டடி முன்னுக்கு வந்து குரலால் தொடருங்கள். பக்கத்துக் கோயிலில் பூசை மணி அடித்தால் அது ஓயட்டும். தகரக் கூரையில் மழை கொட்டினால் போராடாதீர்கள். அந்த மாணவி பேசிய அன்று மழைதான் பெய்தது. அவள் நிறுத்தி, கையால் வெளியே காட்டினாள். சபை முழுக்கத் திரும்பி ஒழுங்கையைப் பார்த்தது.

சொல் வராமல் நின்றுவிட்டால், கடைசியாகச் சொன்னதை வேறு சொல்லில் ஒருமுறை சொல்லிக்கொண்டே மட்டையைப் பாருங்கள். அடுத்த சொல் அங்கே இருக்கும். மன்னிப்புக் கேட்க வேண்டாம், நீங்கள் எதை மறந்தீர்கள் என்று சபைக்குத் தெரியாது.

அஞ்சலி உரை

இது தயார் செய்ய நேரமில்லாமல் வருவது, மறுக்கவும் முடியாதது. செத்த வீட்டிலோ 31ஆம் நாளிலோ "நீங்களும் இரண்டு வார்த்தை" என்பார்கள். "பண்பாளர், பழக இனியவர், கொடை வள்ளல்" என்று அடைமொழிகளை அடுக்கினால் அது எந்த மனிதருக்கும் பொருந்தும். அதனால் யாருக்கும் பொருந்தாது. அவரோடு உங்களுக்கு நடந்த ஒரேயொரு விடயத்தைச் சொல்லுங்கள். பெரிதாக இருக்கத் தேவையில்லை. எங்கள் வாசிகசாலையில் காலமை ஐந்தரைக்குப் பேப்பர்களை மேசையில் விரித்து வைத்த ஐயா ஒருவர் இறந்தபோது, ஒரு பெடியன் சொன்னான்: "நான் சோதினைக்குப் படிக்கேக்கை ஐயா எனக்காக லைற்றை நிப்பாட்டாமல் பத்தரை வரைக்கும் வெளியிலை இருப்பார். ஒருநாளும் 'போ' எண்டு சொல்லேல்லை." வேறொன்றும் சொல்லாமல் இறங்கினான். அந்த வீட்டார் இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

அழுகை வந்தால் வரட்டும். நிறுத்துங்கள், மூச்சு விடுங்கள், முடிந்தால் தொடருங்கள். முடியாவிட்டால் வணங்கிவிட்டு இறங்குங்கள். அதுவும் அஞ்சலிதான்.

எங்கே பழகுவது

தமிழ்த்தினப் போட்டி மாணவருக்கு. அதைத் தாண்டியவர்களுக்கு ஊரிலேயே இடம் நிறைய உண்டு: சனசமூக நிலைய ஆண்டு விழா, வாணி விழா, மாதர் சங்கக் கூட்டம், பழைய மாணவர் ஒன்றுகூடல். கேட்டால் தருவார்கள். நன்றியுரைக்கு ஆள் தேடாத கூட்டம் எதுவுமில்லை. நன்றியுரையை ஏற்றால், விழா நடக்கும்போதே துண்டில் பெயர்களைக் குறியுங்கள். மண்டபம் தந்தவர், ஒலிபெருக்கிக்காரர், தேத்தண்ணி ஊற்றியவர்கள் விடுபடக் கூடாது. சனம் எழும்பத் தொடங்கியிருக்கும், இரண்டு நிமிடத்தில் முடியுங்கள்.

முக்கியமானது ஒழுங்காகப் பழகுவது. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தது 1847 டிசம்பர் 31, ஒரு வெள்ளிக்கிழமை. அப்போது அவருக்கு 25 வயது. புராணம் படித்துப் பயன் சொல்வது கோயில்களில் முன்பே இருந்த வழக்கம். ஒரு பொருளை எடுத்து, சனத்தைப் பார்த்து, உரைநடையில் விளக்கும் முறையை அவர் மெதடிஸ்த பாதிரிமாரின் பிரசங்கங்களிலிருந்து கண்டுகொண்டார். அவர்களுடைய பாடசாலையில் படித்தவர், படிப்பித்தவர். பிறகு வெள்ளி தோறும் அவரும் நண்பர் நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் பேசினார்கள். திருவாவடுதுறை ஆதீனம் "நாவலர்" என்ற பட்டத்தைக் கொடுத்தது 1849இல், அத்தனை வெள்ளிக்கிழமைகளுக்குப் பிறகு. பெண்பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்வது தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலை வளர்த்த தங்கம்மா அப்பாக்குட்டி அம்மாவை. ஆசிரியையாக இருந்தவர். ஆண்களே நிறைந்திருந்த சமயச் சொற்பொழிவு மேடைகளில் பல பத்தாண்டு பேசினார்.

மாதத்துக்கு ஒரு முறை, எவ்வளவு சின்னச் சபையானாலும் பேசுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் திருத்துங்கள். இந்த மாதம் வாக்கிய முடிவு, அடுத்த மாதம் கண். எல்லாவற்றையும் ஒன்றாகத் திருத்தப் போனால் மேடையில் உங்களையே கவனித்துக்கொண்டு நிற்பீர்கள்.

இறங்கிய பிறகு

பாடமாக்கிய கடைசி வாக்கியத்தைச் சொன்னதும் "நன்றி, வணக்கம்" என்று நிறுத்துங்கள். "இன்னுமொன்று" என்று திரும்ப வேண்டாம். ஒலிவாங்கியைத் தாங்கியில் வைத்துவிட்டு, அவசரப்படாமல் இறங்குங்கள்.

கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் கால்மணி நேரம் நில்லுங்கள். "நல்லாப் பேசினீங்கள்" என்று சொல்பவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் காத்திருக்க வேண்டியது சந்தேகம் கேட்க வருகிறவருக்காக. அந்த மாணவியிடம் வந்தவர் கைலி உடுத்த ஒரு கமக்கார ஐயா.

"பிள்ளை, குழி எவ்வளவு ஆழம் வெட்ட வேணும்? கிணத்துக்குக் கிட்ட வெட்டலாமோ?"

அவள் பேணியைக் கீழே வைத்துவிட்டு, ஈர மண்ணில் ஒரு குச்சியால் வளவைக் கீறிக் காட்டத் தொடங்கினாள். இன்னும் நாலு பேர் சுற்றி வந்து நின்றார்கள்.